பதினேழாம் காட்டுக்கு ஓர் ‘ஆம்’

அமேசான் காட்டில் ஒரு தவளை இருக்கிறதா இல்லையா என்பதைக் குமாரபாளையத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் உட்கார்ந்திருக்கும் இலக்கியாதான் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள், சட்டம் அப்படி. இயந்திரம் சொல்லாதா என்றால் சொல்லும். முன்பு அதுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு புண்ணியவான் இயந்திரத்தை வைத்தே இல்லாத தவளைகளைக் கத்தவைத்தான். இன்னொரு புண்ணியவான் இருக்கிற தவளைகளின் குரலைப் பதிவிலிருந்து வழித்தெடுத்தான். எது நிஜம், எது செய்தது என்று ஒருவருக்கும் தெரியாமல் போய், உலக நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட கேட்புச் சட்டத்தில் ஒரே வரியாக எழுதிவிட்டார்கள்: மனிதக் காது கேட்டால்தான் சாட்சி.

அந்தச் சட்டம் காட்டை நாற்பத்தொரு கட்டமாகப் பிரித்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அடையாளத் தவளை. ஏன் தவளை என்றால், அது தோலாலேயே தண்ணீர் குடிக்கிற பிராணி. காற்று, தண்ணீர், மண் எது கெட்டாலும் முதல் அடி அதற்குத்தான். வருடத்தில் ஒரு தடவையாவது அதன் குரலை இரண்டு பேர் கேட்டு ‘ஆம்’ என்று அழுத்திவிட்டால் அது பேசும் காடு. ஒருவனும் அங்கே கை வைக்க முடியாது. ஒரு தடவைகூட இல்லை என்றால் மௌனக் காடு. தங்கம் தோண்டுகிறவனும் சோயா விதைக்கிறவனும் வரிசையில் நிற்பார்கள். குரல் குறைய ஆரம்பித்தாலே மீட்புக் குழு ஒன்று கிளம்பிப் போகும். மிச்சமிருக்கிற தவளைகளைப் பிடித்து, தோலில் படர்கிற பூஞ்சைக்கு மருந்து போட்டு, பெட்டியில் வைத்துப் பெருக்கி, மறுபடியும் காட்டில் விடும். எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று அந்தக் குழுவுக்குச் சொல்வதும் இந்த மாதிரி மாடிகளிலிருந்து போகிற எண்ணிக்கைதான்.

உலகம் முழுக்க ஒன்பது செவி மையங்கள். அதில் ஒன்று குமாரபாளையத்துக்கு வந்ததற்குக் காரணம் விசைத்தறி. நாற்பது தறி ஓடுகிற இரைச்சலுக்குள் தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளைகள் இந்த ஊர்க்காரர்கள். ஏழாவது தறியில் நூல் அறுந்தால் அடுப்படியில் நின்றுகொண்டே சொல்வார்கள். காட்டு மழை, பூச்சி இரைச்சல், குரங்குக் கூச்சல் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கட்டைவிரல் நகம் அளவு தவளை கூப்பிடுவதைப் பிரித்துக் கேட்க இவர்களை விட்டால் ஆள் ஏது? நூற்று நாற்பது பெண்கள் காலை ஒன்பது மணிக்கு ஹெட்போன் மாட்டி, காட்டிலிருக்கிற கருவிகள் பதிந்து அனுப்புகிற ஒலித்துண்டுகளைக் கேட்பார்கள், ஐந்து மணிக்குக் கழற்றுவார்கள்.

தவளைகளின் விஞ்ஞானப் பெயர் இவர்கள் வாயில் நுழையவில்லை. ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டார்கள். பிரஷர் குக்கர், கதவுக்கீல், பழைய மொபெட், சளிபிடித்த மாமனார். பதினேழாம் கட்டத்துத் தவளைக்குத் தறி என்று பெயர். டக்டக் டக்டக் என்று நாலு அடி. அப்புறம் ஒரு மூச்சு இடைவெளி. அந்த இடைவெளியில் பக்கத்து ஆண் தவளை பதில் நாலு அடி அடிக்கும். இது அதற்காக நிற்கும், அது இதற்காக நிற்கும். தலைப்பிரட்டைக் குஞ்சுகளை முதுகில் சுமந்துபோய் ஓடைத் தண்ணீரில் விடுவதும் ஆண் தவளைதான். மையத்திலேயே அதிகம் பேருக்குப் பிடித்த தவளை அது. இலக்கியாவுக்கு அதன்மேல் தனிப் பிரியம். அந்தக் கட்டம் ஆறு வருடமாக அவள் பொறுப்பு.

இலக்கியாவுக்கு நாற்பத்து நாலு வயது. முதல் வருடம் ஒரு கட்டத்துத் தவளை அடங்கிப்போனபோது கழிப்பறைக்குள் போய் அழுதவள் அவள். அடுத்த வருடம் மூன்று கட்டம் போயின, அழவில்லை. ஒரு நாளைக்கு நானூறு துண்டு கேட்டு முந்நூற்றுத் தொண்ணூறு தடவை ‘இல்லை’ அழுத்துகிற விரல், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இருக்கிற எதையோ அழுத்தித் தேய்த்துவிட்டது. போன ஆடியில் அவள் புருஷன் அவளை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டுக்கே போய்விட்டான். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து மூக்கைச் சிந்தினார்கள். இவள் அவர்களுக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு, ஒன்பது மணி ஆயிற்றே என்று வேலைக்குக் கிளம்பினாள். கல் நெஞ்சுக்காரி என்றார்கள். அதெல்லாம் இல்லை, மரத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான்.

வருடக் கணக்கு முடிய ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு புதன்கிழமை மதியம், தறியின் குரல் ஒன்று அவள் காதில் விழுந்தது. நல்ல குரல். ‘ஆம்’ அழுத்தப்போனவள் நிறுத்தினாள். தவளைக்குப் பின்னால் வெகு தூரத்தில் யாரோ படகு இன்ஜினின் கயிற்றை இழுக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று இழுப்பு பிடிக்கவில்லை, நாலாவதில் பிடித்தது. இதை ஐப்பசியிலும் கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. பழைய துண்டுகளைத் தேடி எடுத்தாள். அதே மூன்று இழுப்பு, அதே நாலாவது. அதற்கு முன்னால் பங்குனியில் ஒன்று. அதிலும் அதே படகு.

“கவினு, இங்க வா சாமி” என்று கூப்பிட்டாள். மையத்தின் மேற்பார்வையாளன் கவின். அவளைவிடப் பத்து வயது சின்னவன், அவள் தெருக்காரன்.

“என்னுங்க்கா?”

“இதக் கேளு. இது புதுசில்ல. ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருது.”

கேட்டான். திரையைப் பார்த்தான்.

“இது சோதனைத் துண்டுங்க்கா” என்றான். நீங்கள் தூங்கிவிடாமல் கேட்கிறீர்களா என்று பார்க்க, விடை தெரிந்த பழைய பதிவு ஒன்றை நடுநடுவே நுழைப்பது எல்லா மையத்திலும் உள்ள வழக்கம். யாருக்கும் சொல்ல மாட்டார்கள். கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள்.

“சோதனைத் துண்டுன்னா என்ற கணக்குல எதுக்கு ‘ஆம்’னு ஏறியிருக்குது?”

கவின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். “ரெண்டேகால் வருசத்துக்கு முன்னாடி, பழைய சோதனைத் துண்டெல்லாம் எல்லாத்துக்கும் மனப்பாடம் ஆயிப்போச்சு, புதுசா எடுத்துக் குடுங்கக்கான்னு உங்களக் கேட்டனுங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?”

ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு தவளைக்கும் பத்துப் பதினொன்று எடுக்கச் சொன்னான். மற்றதற்கெல்லாம் கைக்கு வந்ததை எடுத்தாள். தறிக்கு மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கில் இருந்ததிலிருந்து, மழைக்கு நடுவே கணீரென்று கூப்பிடுகிற பதினொன்றைப் பொறுக்கினாள். எல்லாம் பதினேழாம் கட்டத்துப் பதிவுக் கருவியிலிருந்து எடுத்தவை. நம்ம ஆள் குரல் எவ்வளவு எடுப்பா இருக்குது பாரு என்று பக்கத்து இருக்கைக்காரிகளுக்குப் போட்டுக் காட்டினாள்கூட.

“புதுத் துண்ட உள்ள ஏத்துனனுங்க. கணக்குலருந்து கழிக்க வேண்டிய பட்டியல் மட்டும் பழசாவே நின்னுபோச்சு. மத்த தவளைக்குப் பரவால்லீங்க, அதுங்க நெசமாவே கத்துதுங்க, ஒண்ணு ரெண்டு கூடுனா ஒண்ணுமில்ல. தறிக்கு...” அவன் எண்ணிக்கையைக் கழித்துப் பார்த்தான். மறுபடி பார்த்தான். “அக்கா, இருபத்தாறு மாசமா நெசத் தறி ஒண்ணுகூட இல்லீங்க. வந்தது பூராவும் இந்தப் பதினொண்ணுதானுங்க.”

இலக்கியா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன ஒன்றுக்கு இருபத்தாறு மாதமாக உயிரோடு இருக்கிறது என்று கைநாட்டு வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதே தவிர, அழுகை வரவில்லை. வராததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“கொறைய ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சிருந்தா மீட்புக் குழு போயிருக்கும்ல?” என்றாள்.

“போயிருக்குமுங்க.”

“காப்பாத்தியிருப்பாங்கல்ல?”

கவின் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். “இத வெளிய சொன்னா மையத்த மூடிருவாங்கக்கா. நூத்தி நாப்பது பேரு. பட்டியல நான் சத்தமில்லாமச் சரி பண்ணிடறனுங்க. இன்னும் ஒம்பது நாளு இருக்குது. ஒரே ஒரு நெச ‘ஆம்’ வந்துட்டாக்கூடப் போதுமுங்க” என்றான்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ரைமுண்டாவோடு பேசுகிற முறை வந்தது. அங்கே அப்போது காலை ஏழரை. பதினேழாம் கட்டத்தில் ஓடைக்கரைகளில் மாட்டியிருக்கும் பதிவுக் கருவிகளுக்கு பேட்டரி மாற்றுகிறவள் ரைமுண்டா, ஐம்பத்தெட்டு வயது, அந்தக் காட்டுக்குள் ஆற்றோரமாக இருக்கிற அறுபது வீட்டில் ஒன்று அவளுடையது. மௌனக் காடு என்று ஆகிவிட்டால் முதலில் காலி பண்ண வேண்டியது அந்த அறுபது வீடுதான். வேலை விஷயம் தவிர வேறு பேசக்கூடாது என்று விதி இருந்தது. ஆறு வருடத்தில் அந்த விதி நைந்துபோயிருந்தது. இவள் கொங்குத் தமிழில் பேசுவாள், அவள் போர்த்துகீசில் பேசுவாள், நடுவே இருக்கிற மொழிபெயர்ப்பு மெஷின் இரண்டு பேரையும் செய்தி வாசிக்கிறவர்களாக ஆக்கிவிடும்.

“இனிய வணக்கம், சகோதரி” என்றது மெஷின், ரைமுண்டாவின் கரகரப்புக்கு மேலே. “மூன்றாம் கருவியின் ஒலிவாங்கிக்குள் எறும்புகள் குடியேறிவிட்டன. அகற்றிவிட்டேன்.”

“அது கெடக்குது. உங்களுக்கு ஒண்ணு சொல்லோணும். தறி... அந்தச் சின்னத் தவளை. அது உங்க காட்டுல இல்லீங்க. போயிருச்சு.”

மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு ரைமுண்டா சிரிக்கிற மாதிரி இருந்தது.

“அறிவோம், சகோதரி. இரண்டு ஆண்டுகளாக அறிவோம். நாங்கள் தினமும் அந்த ஓடைகளில் நடக்கிறவர்கள் அல்லவா?”

இலக்கியா நாற்காலியை மேசைக்கு இழுத்தாள். “தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க? சொல்லியிருந்தா மீட்புக் குழு வந்திருக்குமே!”

“இல்லாத தவளைக்கு நீங்கள் ‘ஆம்’ அழுத்துகிறீர்கள் என்று புரிந்தது. சொன்னால் அந்தப் பொய் வெளியே வந்துவிடும். எங்கள் வீடுகளுக்காகப் பொய் சொன்ன ஒருத்தியைக் காட்டிக்கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஊர் கூடிப் பேசி வாயை மூடிக்கொண்டோம். எங்கள் புதுப் படகுக்கு உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறோம். எழுத்துகள் சரியா என்று கேட்க நினைத்தேன். விதி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.”

அறுபது வீட்டுக்காரர்கள் அவளுக்கு விசுவாசமாக இருந்திருக்கிறார்கள். அந்த விசுவாசத்தால் மீட்புக் குழு வரவில்லை. இதை எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். “ரைமுண்டாக்கா, நான் பொய் சொல்லலீங்க. தப்புப் பண்ணிட்டேன். நல்ல குரலாப் பொறுக்கி வெச்ச பழைய பதிவு, புதுசுன்னு கணக்குல ஏறிப்போச்சு. எனக்கே நேத்துத்தான் தெரியும்.”

இணைப்பு இருக்கிறதா என்று மெஷின் ஒரு தடவை கேட்டது.

“அப்படியானால்” என்றாள் ரைமுண்டா, “நீங்கள் எங்களுக்காக எதுவும் செய்யவில்லை.”

“இல்லீங்க.”

“அந்தத் தவளையையும் சேர்த்துத்தான் இழந்தோம்.”

“ஆமாங்க.”

“சரி. இப்போது செய்யுங்கள். இப்போது பொய் சொல்லுங்கள்.”

ஒன்பது நாளும் இலக்கியா நேர்மையாகத்தான் கேட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படிக் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. டிபன் டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. மழை, பூச்சி, குரங்கு, கிளை முறிகிற சத்தம், பிரஷர் குக்கர், கதவுக்கீல் எல்லாம் இருந்தன. தறி மட்டும் இல்லை. மற்ற தவளைகள் அதன் சுருதியைத் தொடாமல் தள்ளி நின்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அந்த இடம் வெறுமனே இருந்தது. அங்கே எது வர வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்ததால், இரண்டு தடவை அது வந்ததாகவே தோன்றிப் பதறித் திரும்ப ஓட்டினாள். இல்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, நாலே முக்காலுக்குக் கடைசித் துண்டு வந்தது. மற்றதைவிட நீளம், பத்து நிமிடம், ஓடைக்கரை, தூறல். முழுக்கக் கேட்டாள். பிறகு ‘ஆம்’ அழுத்தினாள். ஆறு வருடத்தில் அவள் தெரிந்தே அழுத்திய முதல் பொய்.

இரண்டாவது காது கவின். பெண்கள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவன் வந்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடமும் கேட்டான். நடுவில் எழுந்துவிடுவான் என்றுகூட அவள் எதிர்பார்த்தாள். அவன் எழவில்லை. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“மழை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்க” என்றான். “ஆனா கேக்குதுங்க்கா.”

அழுத்திவிட்டு அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் போனான். பதினேழாம் காடு இன்னும் ஒரு வருடத்துக்குப் பேசும் காடு. ரைமுண்டாவுக்கு ஒரே வரி அனுப்பினாள். பதிலுக்குப் படகின் படம் வந்தது. அதன் முகப்பில் சிவப்புப் பெயிண்டில் அவள் பெயர் எழுதியிருந்தது. இலக்கியா அதை அரை நிமிடம் பார்த்தாள். சந்தோஷம் என்று ஒன்று வர வேண்டுமே என்று காத்திருந்தாள். பஸ் வந்துவிட்டது, ஏறினாள்.

ஆண்டறிக்கை வந்தபோது கவின் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான்.

“அக்கா, நாப்பத்தொண்ணுல மிச்சமிருந்தது முப்பத்து மூணு கட்டமுங்களே. முப்பத்து மூணுமே ‘ஆம்’னு வந்திருக்குதுங்க. ஒம்பது மையத்துலயும். இந்த வருசம் ஒரு காடுகூட மௌனமாகலீங்க.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்லீங்க. சட்டம் வந்த நாள்லருந்து இப்படி ஆனதே இல்லையாம்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற எட்டு மையங்களிலும் எத்தனை பேர் கடைசி வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு உட்கார்ந்திருப்பார்களோ, எத்தனை ரைமுண்டாக்கள் அவர்களிடம் கேட்டிருப்பார்களோ! கவின் பக்கத்தைத் திருப்பினான்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் வாழ்த்து இருந்தது. அமேசான் தவளைகள் மீண்டுவிட்டன. மனித குலத்தின் வெற்றி. ஆகவே பேசும் காடுகள் முப்பத்து மூன்றும் இனி நிரந்தரப் பாதுகாப்பில். ஆண்டுதோறும் கேட்க வேண்டியதில்லை. பதிவுக் கருவிகள் கழற்றப்படும். மீட்புக் குழு, அதன் பணி நிறைவடைந்ததால், கலைக்கப்படுகிறது.

அறுபது வீடும் பிழைத்தது. அந்த மட்டில் நல்லதுதான், யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. மையத்தையும் மூடவில்லை. ஏதோ ஒரு பெரிய நகரத்தின் சுரங்க ரயில் சக்கரங்களில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிற வேலை வந்தது. விரிசல் சத்தம் சுலபம். இலக்கியா அதிலும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள்.

நாலு மாதம் கழித்து ரைமுண்டாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. வேலை போன பிறகு அவள் கூப்பிட்டதே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், மாடிப்படியில் உட்கார்ந்து இலக்கியா அதைக் கேட்டாள்.

“சகோதரி, கருவிகள் போய்விட்டன. இது என் தொலைபேசியில் பதிந்தது. மேல் ஓடையில், விழுந்த மரத்துக்கு அடியில். என் காது பழையது, எனக்கு உறுதியில்லை. உங்களைத் தவிர யாரிடம் கேட்பது?”

மழை. பூச்சி. ரைமுண்டாவின் மூச்சு. அப்புறம் டக்டக் டக்டக்.

இலக்கியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் பொறுக்கி வைத்த பதினொன்றில் எதுவும் இல்லை இது. குரல் கொஞ்சம் மெலிவு, இளம் ஆண். நாலு அடி அடித்துவிட்டு நின்றது. பக்கத்து ஆள் பதில் சொல்வதற்காக, பழக்கப்படி ஒரு மூச்சு நேரம் நின்றது. அந்த நேரத்தில் மழை மட்டும் பெய்தது. மறுபடி நாலு அடி. மறுபடி நின்றது. ஏழு நிமிடப் பதிவு முழுக்க அது நின்று நின்று கூப்பிட்டது. வேறு தவளை ஒன்றும் பதில் சொல்லவில்லை.

அவள் ஓடிப்போய்க் கவினிடம் கொடுத்தாள். அவன் கேட்டான், அவன் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

“மீட்புக் குழுவுல யாரு நம்பராவது இருக்குதா? மேல யாருக்காச்சும் எழுது கவினு. ஒண்ணு இருக்குதுன்னா தேடுனா இன்னொண்ணு இருக்கும். பொட்டை இருந்தாப் போதும்.”

“என்னன்னுங்க்கா எழுதறது?” என்றான் கவின். “தறி ஒண்ணு உசுரோட இருக்குதுன்னா? நம்ம கணக்குல அது சாகவே இல்லீங்களே.”

இருந்தாலும் எழுதினான். மீட்புக் குழுவின் பழைய முகவரியிலிருந்து உடனே பதில் வந்தது. தானாகவே போகிற பதில், வெற்றிகரமாகப் பணி முடிந்ததற்கு நன்றி சொல்லி.

மாலையில் இலக்கியா ரைமுண்டாவைக் கூப்பிட்டாள்.

“அது தறிதானுங்க” என்றாள். “நெசமாலுமே அதுதான்.”

ரைமுண்டா கடவுள் பெயரை மூன்று தடவை சொன்னது மெஷினுக்கு முன்பே கேட்டது. பின்னால் யாரையோ கூப்பிட்டு அதைச் சொன்னாள். அங்கே பல பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தக் கூச்சலையெல்லாம் மெஷின் மொழிபெயர்க்கவில்லை. பிறகு அவள் மட்டும் வந்தாள்.

“அப்படியானால் குழு எப்போது வரும், சகோதரி? நாங்கள் படகை அனுப்புகிறோம். அந்த மரத்தடியில் இரண்டு பேரைக் காவலுக்கு வைத்திருக்கிறோம். எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று தெரிந்தால் நல்லது.”

இலக்கியா அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை.

“யாரும் வர மாட்டாங்கக்கா” என்றாள்.

மெஷின் அதைத் தப்பில்லாமல் மொழிபெயர்த்துச் சொன்னது.